அரணை ஓவசியரும் அக்கரைக் கால்களும்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும் அரணை ஓவசியர் குப்புறப் படுத்துப் பார்க்காத மண் ஒரு சாண்கூடக் கிடையாது. இதை எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் நின்று சத்தியம் பண்ணுவேன். நடுத்தெருவில் படுத்திருக்கிறார். தென்னந்தோட்டத்தில் படுத்திருக்கிறார். வயல்காணி நிறைய வைத்திருந்த ஒரு பெரிய போடியாரின் சாவீட்டில், பிரேதம் எடுக்கிற நேரத்தில், முற்றத்து மட்டைக் குவியலுக்கு முன்னால் தடாலென்று விழுந்து படுத்திருக்கிறார். துக்கம் தாங்காமல் விழுந்துவிட்டார் என்று நினைத்த பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து இன்னொரு பாட்டம் அழுதார்கள். போடியாருக்கு அவர் எந்த வகையிலும் உறவில்லை.

அவர் குடிகாரர் அல்ல, வலிப்புக்காரரும் அல்ல. அவர் தேடியது காலில்லாத அரணையை. நாம் வேலியோரத்தில் காணும் அரணைக்கு அது ஒன்றுவிட்ட உறவு. மண்ணுக்குள்ளேயே வாழ்வது. பென்சில் தடிப்பு இருக்கும், எண்ணெய் பூசிய மாதிரி மினுங்கும். கண்டவர்கள் பாம்புக்குட்டி என்று அடித்துவிடுவார்கள். அடிக்கத் தைரியமில்லாதவர்கள், அரணை தீண்டினால் ஆள் தப்பாது என்று அலறிக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் சீமையில் அதைக் கண்டு அதன் பக்கமாக ஓடிய மனுசன் ஓவசியர் ஒருவர்தான்.

நான் சொல்வது வெள்ளைக்காரன் ஆண்ட காலம், இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தியது. தெருப்போடும் கந்தோரில் நான் கிளாக்கர், அவர் ஓவசியர். கூலியாட்களை வைத்துத் தெருவுக்குக் கிரவல் என்கிற செம்மண் சரளை கொட்டி, அடித்து, மட்டம் பார்ப்பது அவர் உத்தியோகம். சம்பளப் பட்டியலில் அவருக்கு முருகன் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். காக்கிக் காற்சட்டை, காலில் சப்பாத்து, முழங்கால் வரை மேசு, தலையில் பெரிய தொப்பி என்று நிமிர்ந்து நடந்து வருவார். முன்பக்கம் மட்டும் எப்போதும் ஒரே புழுதியாக இருக்கும்.

முதன்முதலில் அவருடைய பெருமையை நான் கண்ணால் கண்டது காத்தான்குடித் தெருவில். நான் சைக்கிளில் போகிறேன். எதிரே மாட்டுவண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் கல்முனை பஸ் ஒன்று இரைந்துகொண்டு நிற்கிறது. என்னவோ ஏதோ என்று இறங்கி ஓடினேன். தெருவின் நடுவில் நம் ஓவசியர் நெஞ்சு நிலத்தில் பதிய, நாடியை மண்ணில் ஊன்றிக் கிடந்தார்.

முன்வண்டிக்காரன் குனிந்து கேட்டான்: "ஓவசியர் ஐயா, விழுந்திட்டீங்களா?"

"சத்தம் போடாத மனே. கண் சிமிட்டுதா எண்டு பாக்கிறன்."

"ஆரு?"

"இவர்தான்." மூக்குக்கு நேரே ஒரு மினுங்கல் கிடந்தது. "பாம்புக்கு இமை இல்ல, சிமிட்டாது. இது சிமிட்டினா அரணை."

"சிமிட்டாட்டி?"

"சிமிட்டாட்டி நான் எழும்பி ஓடணும்."

அதற்குப் பிறகு வண்டிக்காரன் வண்டியை எடுப்பானா? அவனும் குந்திவிட்டான். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். கடைகளிலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். நான் கந்தோருக்குப் போகவேண்டியதை மறந்து அந்த அற்பப் பிராணியின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அது சிமிட்டியது பாருங்கள்! கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்தது. பஸ் டிரைவர் ஹோர்ன் அடித்தார். ஓவசியர் எழுந்து, புழுதியைத் தட்டாமலே அதைப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்.

பைத்தியம் என்று நீங்கள் நினைப்பீர்கள், ஊரும் அப்படித்தான் நினைத்தது. ஆனால் அந்தப் பைத்தியத்துக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. எங்கள் வாவி நீளமாகக் கிடந்து சீமையை இரண்டாகப் பிரிக்கிறது. கடல்பக்கம் சூரியன் எழுவதால் அது எழுவான்கரை, மேற்குப்பக்கம் சூரியன் படுவதால் அது படுவான்கரை. எழுவான்கரை முழுக்க மணல், தென்னை. படுவான்கரையில் செம்மண், கிரவல், காடு, வயல். ஓவசியர் இரண்டு கரையிலும் தெருப்போட்டுத் தோண்டித் தோண்டிக் கண்டது இதுதான்: படுவான்கரை அரணைக்குக் கால் இருக்கிறது. நாலு காலும் நெல்மணி அளவுதான், ஆனால் விரலோடு இருக்கிறது. எழுவான்கரை அரணைக்குக் காலே இல்லை.

"ரெண்டும் ஒரே குடி மனே" என்பார். எங்கள் பக்கத்தில் புது ஆளைக் கண்டால் முதலில் கேட்பது என்ன குடி என்று. தாயின் குடிதான் பிள்ளைக்கு. அரணைகளுக்கும் அவர் அதே சட்டத்தைப் போட்டுவிட்டார். "ஒரு தாய்வழி. முந்தி எல்லாம் ஒரே இடத்தில கிடந்ததுகள். கடல் மண்ணைத் தள்ளித் தள்ளி இஞ்சால ஒரு கரை போட்டுது. நடுவில வாவி வந்திட்டுது. பாதிச் சனம் மணலுக்குள்ள அகப்பட்டுது. வாவியைத் தாண்டி அதுகளுக்கு ஒருநாளும் ஏலா. நீந்தத் தெரியா, நனைஞ்சாலே செத்திரும். மறுகா என்ன? இங்க உள்ளதுக்குக் கால் போயிட்டுது. அங்க உள்ளதுக்குக் கால் கிடக்கு."

"பாவிக்காமல் தேய்ஞ்சு போச்சா?" என்று நான் ஒருநாள் புத்திசாலித்தனமாகக் கேட்டேன். விட்டாரா? என்னை அவருடைய வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மணலில் முழந்தாளிட வைத்தார்.

"விரலை விரிச்சு மணலுக்குள்ள கையை விடு. ஏலல்லத்தானே? இப்ப விரலெல்லாம் ஒண்டாக் குவிச்சு விடு. லேசாப் போகுதா? அவ்வளவுதான். தேய்ஞ்சு போக அதென்ன சப்பாத்தா? குட்டைக் காலோட பிறந்தது மணலுக்குள்ள லேசாப் போய், வயிறாரத் திண்டு, கூடக் குஞ்சு பொரிச்சிருக்கும். பெரிய காலோட பிறந்தது திணறிச் செத்திருக்கும். இப்படியே எத்தின தலைமுறை போயிருக்கும்!"

குசினி வாசலிலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. நான் அக்கா என்று கூப்பிடுவேன். "அப்படிப் பாத்தா, கந்தோரில கதிரையை விட்டு எழும்பாம இருக்கிற உங்கட ஆக்களுக்கு இதுக்கிடையில கால் விழுந்திருக்க வேணுமே!"

"அது தேயுற கதை. நான் சொல்றது அது இல்ல" என்று ஓவசியர் கத்தினார்.

"எதெண்டாலும் வாழையடியை விட்டு எழும்புங்க. என்ட வளவை ஒரு இடம் விடாமக் கிண்டியாச்சி."

'என்ட வளவு' என்று அக்கா சொன்னால் அது வெறும் பேச்சு இல்லை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வரவேண்டும். ஓவசியர் படுவான்கரையில் பிறந்தவர், நாவற்குடாவில் அக்காவின் வீட்டுக்கு வந்து ஏறியவர். ஊர்த்தெருவையெல்லாம் உத்தரவு கேட்காமல் தோண்டுகிற மனுசன், வீட்டில் ஒரு மண்வெட்டி மண் எடுக்கவும் அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். அரணைகளை ஊறப்போடச் சாராயப் போத்தல் வாங்கிவருவார். சீமையிலேயே சாராயம் வாங்கி, ஒரு சொட்டும் குடிக்காமல், குடித்தவனைவிட அதிகமாக ஏச்சு வாங்கியவர் அவர்தான்.

ஆனால் அக்காவுக்கு அவர் ஒன்றும் செய்யாமல் இல்லை. மழைக்காலத்தில் வளவெல்லாம் தண்ணீரும் சகதியுமாகிவிடும். "ஊருக்கெல்லாம் தெரு போடுறீங்க. என்ட கடப்படியில இருந்து கிணத்தடிக்கு ஒரு முழம் போடமாட்டீங்களா?" என்று அக்கா வருசக்கணக்கில் கேட்டுக் கேட்டு, கடைசியில் செக்கச்செவேலென்று ஒரு கிரவல் பாதை போட்டுக் கொடுத்தார். நாவற்குடாவிலேயே கால் நனையாமல் கிணற்றடிக்குப் போகும் பெண்பிள்ளை தான் மட்டும்தான் என்று அக்காவுக்குப் பெரிய எடுப்பு.

கந்தோரில் பகிடிக்குக் குறைவில்லை. "ஓவசியர், நம்மட பெரிய கிளாக்கருக்குக் கழுத்தையே காணல்ல. இது எந்தக் கரை?" என்பான் ஒருவன். "ஓவசியர், தவளைக்கு வால் இல்லையே, அதை எந்த வாவி தின்றது?" என்பான் இன்னொருவன். அவர் கோபிக்கமாட்டார். தவளைக் கேள்விக்கு மட்டும் உட்கார்ந்து விளக்கம் சொல்வார், அதுதான் இன்னும் பெரிய பகிடி. ஆனால் ஒருநாள் கந்தோர் விட்டு வரும்போது கல்லடிப் பாலத்தில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "விசயம் தெரிஞ்ச ஒரே ஒரு ஆள், ரெண்டு கரையையும் கண்ணால பாத்திட்டு, இந்த வாவிதான் வேலி எண்டதுக்கு 'ஓம்' எண்டு சொன்னாப் போதும் மனே. மறுகா ஊரே சிரிக்கட்டும்." சிரித்த முகத்தோடு சொல்கிற ஆள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

அந்த ஆள் வரப்போகிறார் என்று ஒருநாள் செய்தி வந்தது. கொழும்பில் ஊர்வன பறப்பனவெல்லாம் ஆராய்ச்சி செய்கிற ஒரு வெள்ளைக்காரத் துரை. எங்கள் எஞ்சினியர் துரைக்குக் கூட்டாளியாம். எஞ்சினியர் ஏதோ விருந்தில் பகிடியாக ஓவசியரின் கதையைச் சொல்ல, அந்த மனிதர் சிரிக்காமல், "நான் பார்க்கவேண்டும்" என்றுவிட்டாராம்.

ஓவசியர் தரையில் நிற்கவில்லை. எழுவான்கரை முழுக்கத் திரும்ப ஒருமுறை சோதிப்பேன் என்று புறப்பட்டார். குருக்கள்மடம் வரைக்கும் ஒரு தென்னைமட்டைக் குவியலும் தப்பவில்லை. "தங்கச்சி, உங்கட எருக்கும்பியை ஒருக்காப் புரட்டலாமா?" என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். எருக்கும்பியைப் புரட்டித் தருகிறேன் என்று வருகிற ஆளை யார்தான் வேண்டாம் என்பார்கள்? பெண்கள் வரிசையில் நின்று கூப்பிட்டார்கள். எங்கு பார்த்தாலும் காலில்லாத அரணைதான். படுவான்கரையிலிருந்து கிரவல் ஏற்றிவருகிற தோணிக்காரக் காக்கா (காத்தான்குடி முஸ்லிம் ஆள், காக்கா என்றால் அண்ணன்) அந்தக் கரையில் பிடித்துவந்தது எல்லாம் கால் உள்ளவை. வீட்டு மேசையில் இடப்பக்கம் ஒரு கரைப் போத்தல்கள், வலப்பக்கம் மறுகரைப் போத்தல்கள், நடுவில் வாவிக்காக ஒரு நீலச் சால்வை. இப்படி அலங்காரம் முடிந்தது.

துரை வருவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் காக்காவும் அங்கே இருந்தோம். கிணற்றடியில் அக்கா வீல் என்று கத்தினார். துவைகல்லை நகர்த்தியிருக்கிறார், அடியில் ஒன்று நெளிந்திருக்கிறது. ஓவசியர் ஓடிப்போய் வழக்கம்போலக் குப்புற விழுந்தார். விழுந்தவர் எழும்பவில்லை.

"சிமிட்டல்லையா?" என்றேன் நான்.

"சிமிட்டிட்டுது." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "கால் கிடக்கு மனே."

நாங்களும் குனிந்து பார்த்தோம். கிடக்கத்தான் செய்தது. நாலு கால், விரலோடு. எழுவான்கரையில், அதுவும் அவர் சொந்த வீட்டுக் கிணற்றடியில். அங்கே இங்கே கிளறினால் இன்னும் வந்தன. சண்டாளப் பிறவிகள், எல்லாவற்றுக்கும் கால்! அன்றைக்கு ஓவசியர் சோற்றில் கை வைக்கவில்லை. இத்தனை வருச ஏளனத்தையும் சிரித்துக்கொண்டு தாங்கிய மனுசன், கிணற்றுக்கட்டில் குந்தி, நீலச் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காக்காதான் தாடியைத் தடவிக்கொண்டு மெல்லச் சொன்னார்: "ஓவசியர், இதுகள் பாதை ஓரத்திலதான் இரிக்கி. அங்கால மணலுக்குள்ள ஒண்டையும் காணல்ல, பாத்தீங்களா?"

"அதுக்கு?"

"இந்தப் பாதைக் கிரவல் எங்கேருந்து வந்தது? படுவான்கரைக் கிடங்கில இருந்து. ஏத்தி வந்தது நான். வேரும் மண்ணும் கட்டி கட்டியா வந்தது. அதுக்குள்ள இதுகளும் ஏறி வந்திரிக்கும்."

ஓவசியர் துள்ளி எழுந்தார். காக்காவைக் கட்டிப்பிடித்தார். "தானா வரல்ல! தோணியில வந்ததுகள்! அப்ப வாவி வேலிதான்!" என்று கிணற்றைச் சுற்றி ஓடினார். இரண்டாம் சுற்றில் திடீரென்று நின்றுவிட்டார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா காக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"அந்தக் கிரவல்..." என்று அக்கா இழுத்தார். "காசு குடுத்துத்தானே வாங்கினீங்க?"

ஓவசியர் வானத்தைப் பார்த்தார்.

விசயம் இதுதான்: அது அரசாங்கக் கிரவல். தெருவுக்கு வந்த ஒரு தோணிக் கிரவலை ஓவசியர் உத்தரவில் வளவுக்குள் கொட்டியிருக்கிறார்கள். அது வெளியே வந்தால் உத்தியோகம் ஆடிப்போகும். பார்க்க வருவதோ கொழும்புத் துரை மட்டும் அல்ல, கூடவே எஞ்சினியர் துரையும் வருகிறார்.

"நான் தெரு கேட்டன். கவர்மெண்ட் தெருவா கேட்டன்?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சேலையை இழுத்துச் செருகினார். "ஒருத்தரும் வாயைத் திறக்கப்படாது. இதுகளைப் பிடிச்சு அக்கரையில விடுங்க. பாதைக்கு மேல நான் மணல் போட்டு மூடிறன். துரைமார் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும். உத்தியோகம் போனா உங்கட அரணையா சோறு போடும்?"

"இது கள்ளத்தனம் இல்ல" என்று ஓவசியர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "வழிதவறி வந்ததுகளை வீட்டில கொண்டுபோய் விடுறம்." அடுத்த நாட்களில் கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்துச் சட்டியில் போட்டோம். அக்காவின் குசினியில் பானை சட்டி மிச்சமில்லை. காக்கா அவற்றைத் தோணியில் அடுக்கிக்கொண்டு, "வாப்பாட காலத்தில நெல்லு ஏத்தினம். என்ட காலத்தில கிரவல் ஏத்தினன். இப்ப அரணை ஏத்துறன். என்ட மகன் எத ஏத்தப் போறானோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்" என்று சொல்லித் தோணியைத் தள்ளினார். அக்கா கடகம் கடகமாகக் கடல்மணல் சுமந்துவந்து பாதையை மூடினார். தான் பெருமைப்பட்ட பாதையைத் தானே புதைக்கிறபோது அந்த மனுசியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

துரைமார் வந்தார்கள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். கொழும்புத் துரை ஒல்லியான, அமைதியான மனிதர். படுவான்கரையில் உளுத்த மரத்தைப் புரட்டியதும் அவரும் ஓவசியரும் ஒரே நேரத்தில் குப்புறப் படுத்தார்கள். இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன. அதைக் கண்டபோது, சீமையில் இன்னொரு ஆளும் இருக்கிறான் என்று எனக்கே ஒரு சந்தோசம். அங்கே கால். எழுவான்கரைக்கு வந்தோம், மட்டைக் குவியல்களைப் புரட்டினோம். கால் இல்லை. துரை தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஓவசியரின் மீசை துடித்தது.

கடைசியில் வீட்டுக்கு வந்து, அக்கா கொடுத்த பலகாரத்தைச் சாப்பிட்டு, போத்தல்களைப் பார்த்து, எல்லாம் முடிந்தது. எஞ்சினியர் துரை தொப்பியை எடுத்துவிட்டார். கைகழுவக் கிணற்றடிக்குப் போன கொழும்புத் துரைக்குச் சும்மா வரத் தெரியாதா? அந்தப் பாழாய்ப்போன துவைகல்லைப் புரட்டினார்.

"அட!" என்ற அர்த்தத்தில் இங்கிலீசில் ஏதோ சொன்னார். உள்ளங்கையில் ஒன்று கிடந்தது. கால் இருந்தது.

"இந்தக் கரையிலும் இருக்கிறதே" என்றார் என்னைப் பார்த்து. "இது எப்படி வந்தது என்று அவரிடம் கேளுங்கள்."

கேட்டேன். ஓவசியர் தமிழில், தெளிவாக, "கிரவலோட வந்தது எண்டு சொல்லு" என்றார். எஞ்சினியர் துரை பக்கத்தில் நிற்கிறார். கதவுக்குப் பின்னால் அக்கா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறார். நான் என்ன செய்வேன்? "மழை வெள்ளத்தில் மரக்கட்டையில் ஒட்டிக்கொண்டு வாவியைத் தாண்டி வந்திருக்கலாம் என்கிறார்" என்று சரளமாக இங்கிலீசில் அவிழ்த்துவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

துரையின் முகம் வாடியது. "அப்படியானால் இவை வாவியைத் தாண்டக்கூடியவை. வாவி ஒரு தடையே அல்ல. பாவம், அவருடைய கருத்து நிற்காது" என்றார்.

ஓவசியருக்கு இங்கிலீசு பேச வராதே தவிர, இவ்வளவு விளங்கும். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. "நீ விடு மனே" என்றார். சப்பாத்துக் காலால் பாதை மணலை விறுவிறென்று தள்ளினார். கீழே செக்கச்செவேலென்று கிரவல் தெரிந்தது. ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, எஞ்சினியர் துரையின் முகத்துக்கு நேரே தன்னுடைய இங்கிலீசில் சொன்னார்: "கிரவல், சேர். கவர்மெண்ட் கிரவல். மை ஓடர். போட் கம். திஸ் அனிமல், போட் கம். நோ சுவிம்."

எஞ்சினியர் துரையின் கழுத்து கிரவல் நிறத்துக்கு வந்தது. கொழும்புத் துரை குனிந்து, சிவந்த மண்ணைத் தொட்டு, விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு ஓவசியரிடம் ஏதோ சொல்லிக் கையை நீட்டினார். ஓவசியர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கார் போனதும் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்ன சொன்னார்? சரியாச் சொல்லு. 'ஓம்' எண்டாரா?"

"இந்தப் பக்கத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம் என்றார். வடக்கேயும் தெற்கேயும் பார்க்காமல் முடிவாகச் சொல்லமுடியாது என்றார்."

"இருக்கலாம் எண்டார். அவ்வளவும் போதும். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார் ஓவசியர். அக்கா உள்ளே மேசையிலிருந்த பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தண்டனை வரத் தாமதிக்கவில்லை. பதவி ஒரு படி இறக்கம், வாகரைக்கு இடமாற்றம், கிரவல் முழுவதையும் சொந்தச் செலவில் தோண்டித் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். வாகரை என்றால் அந்த நாளில் உத்தியோகத்தர்கள் நடுங்குவார்கள். காட்டுக் காய்ச்சல், யானை, ஒழுங்கான தெரு கிடையாது. ஓவசியரோ கட்டளையைக் கேட்டுக் கூத்தாடினார். "தெருவே இல்ல மனே! கிரவல் ஒரு கடகம் அந்தப் பக்கம் போகல்ல! மண் கிடந்த இடத்திலேயே கிடக்கு!"

பாதையைத் தோண்டும்போதும் அதே கூத்து. நானும் காக்காவும் அலவாங்குக் கம்பியால் இடிக்கிறோம், அவர் ஒவ்வொரு கடகத்தையும் விரலால் அளைந்து பார்க்கிறார். "பாருங்க, கிரவலுக்குள்ளதான் கிடக்குதுகள். மணலுக்குள்ள ஒண்டு போகல்ல! மணல் அதுகளுக்கு ஒத்துவரல்ல!" என்று ஊரைக் கூட்டினார். தண்டனையை ஆராய்ச்சியாக மாற்றிக்கொண்ட ஓர் ஆளை எந்த எஞ்சினியர் என்ன செய்யமுடியும்?

அக்கா மட்டும் பேசவில்லை. சமைத்தார், போட்டார், பேசவில்லை. பாதை போன பள்ளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஓவசியர் பெட்டி அடுக்கினார். தனியாகத்தான் போகவேண்டும், அது அவருக்கும் தெரியும். புருசனுக்கு இடமாற்றம் வந்தது என்று தன் வளவை விட்டுப் போகிற பெண்ணை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. போகத் தேவையும் இல்லை. வீடு அவளுடையது, வந்து போகிறவன் புருசன்தான்.

புறப்படுகிற காலையில் துறையில் நாங்கள் கொஞ்சப் பேர் நின்றோம். காக்காவின் தோணியில் பெட்டியும் போத்தல்களும் ஏற்றியாகிவிட்டது. எடுப்பாக நிற்கப் பார்த்தார் ஓவசியர். கண் மட்டும் அடிக்கடி வீட்டுப் பக்கம் போய்வந்தது. அப்போது தெருவில் அக்கா வந்தார். தலையில் ஒரு மூட்டை, கையில் சோற்றுப்பானை.

"சோறு கொண்டாந்தியா?" என்றார் ஓவசியர்.

"ஓம். நானும் வாறன்."

"எங்க?"

"வாகரைக்கு. வேற எங்க?"

"உன்ட வளவு?"

"வளவு இஞ்சதான் கிடக்கும். தங்கச்சிட்ட வீட்டுத் திறப்பைக் குடுத்திட்டன்." மூட்டையை இறக்கித் தோணிக்குள் எறிந்தார். "ஒரு மனுசன் உள்ளதைச் சொல்லிப்போட்டு உத்தியோகத்தில இறங்கிப் போறான். அவனைத் தனியா அனுப்பிப்போட்டு நான் என்ட வீட்டில படுத்து நித்திரை கொள்ளவா? நகருங்க அங்கால."

ஓவசியர் நகர்ந்தார். காக்கா துடுப்பைப் பிடித்தபடி முகத்தை வாவிப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோணி போய்ப் புள்ளியாகும்வரை நின்றுவிட்டு நான் கந்தோருக்குப் போனேன்.

அங்கே வழக்கம்போல ஒருவன் ஆரம்பித்தான். அரணை போய்விட்டது, வால் மட்டும் இங்கே துடிக்கிறது என்று என்னைக் காட்டி ஏதோ பகிடி. எல்லாரும் சிரித்தார்கள். நான் கதிரையை இழுத்துப் போட்டு, லீவு கேட்டு எழுதிக்கொண்டுபோய்ப் பெரிய கிளாக்கரின் மேசையில் வைத்தேன்.

"வாகரைக்கா? அந்தக் காட்டில உனக்கு என்ன அலுவல்?" என்று அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"அங்க எனக்குச் சொந்தக்காரர் இருக்காங்க, ஐயா" என்றேன்.